முதல் மூன்று வரிசைகள்

1974ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்தில் மாணவியர் கூடைப்பந்து அணியின் பொறுப்பை ஏற்றபோது பாட் சம்மிட் என்ற இளம்பெண்ணுக்கு வயது 22. முதுகலை படித்துக்கொண்டே உதவியாளராக இருக்கலாம் என்று வந்தவர் அவர். இருந்த பயிற்றுநர் நீண்ட விடுப்பில் போய்விட்டதால் அணி முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை அவரே ஓட்டினார், ஆட்டம் முடிந்தபின் சீருடைகளை அவரே துவைத்தார். முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 83க்கு 84 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்.

சீருடை துவைத்த செய்தியைப் படித்த அன்று நான் அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பன்னிரண்டு ஜெர்சிகளையும் ஒரே வாளியில் ஊறவைத்தால் முதுகிலுள்ள எண் உரிந்துவிடும் என்பதும், உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்த வேண்டும் என்பதும் எந்தப் பயிற்சிப் பாடத்திலும் இல்லை. மண்டலப் போட்டிக்கு முந்தைய இரவு என் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் அந்த ஜெர்சிகள் வரிசையாகத் தொங்கும். அதைப் பயிற்றுநரின் வேலை என்று யாரும் கணக்கில் எழுதியதில்லை. நானும் எழுதவில்லை.

சம்மிட் 38 பருவங்கள் அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டுத் தேசியப் பட்டங்கள். இடையில் 1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளி வென்றார். 1984இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்க அணிக்குப் பயிற்றுநராகத் தங்கம் வென்றார். கல்வி நிறுவனங்களில் பால் வேற்றுமை கூடாது என்ற சட்டம் 1972இல் வந்துவிட்டபோதிலும், மாணவியருக்கான தேசியப் போட்டியை அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தத் தொடங்கியது 1982இல்தான். சம்மிட் பொறுப்பேற்ற காலத்தில் டென்னசி மாநிலப் பள்ளிகளில் மாணவியர் பக்கத்துக்கு ஆறு பேராக, பாதிக் களத்தைத் தாண்டாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்; பெண் உடம்பு முழுக்களம் ஓடத் தாங்காது என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம். அதை மாற்றச் சொல்லி வாதாடியவர்களில் சம்மிட் ஒருவர். 1970களின் இறுதியில் அந்த விதி போயிற்று.

இவையெல்லாம் பதிவேட்டில் உள்ளவை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அவருடைய ஆட்டக்காரர்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைகளுக்குள்தான் உட்கார வேண்டும். வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டம் இல்லை. அணியின் நட்சத்திரத்துக்கும் அதே விதி. அவரிடம் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளை முழுமையாக முடித்த ஒவ்வொரு மாணவியும் பட்டம் பெற்றே வெளியேறினார், 38 ஆண்டுகளிலும். எட்டுக் கோப்பைகளைவிட இந்த ஒரு கணக்கை எட்டுவது கடினம் என்பது ஒரு கல்லூரி அணியை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் அதை எட்டவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு மாணவி, எங்கள் அணிக்கு, கூடைக்கு அருகில் நின்று ஆடும் சென்டராக மூன்று ஆண்டுகள் ஆடினாள். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை எகிறிப் பிடிப்பதில் அவளுக்கு இணையாக அதற்கு முன்னும் பின்னும் நான் ஒருத்தியைப் பார்க்கவில்லை. விளையாட்டுக்காக வகுப்புக்கு வராத நாளையும் வருகையாகக் கணக்கிடச் சொல்லும் ஓ.டி. (ஆன் டூட்டி) படிவத்தை மாலைப் பயிற்சியின் நடுவே நீட்டுவாள்; ஸ்கோர் மேசைமேல் வைத்து, எத்தனையாவது நாள் என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுவேன். வருகைப்பதிவு குறைந்தபோது, அந்தக் குறையைப் பொறுத்துத் தேர்வெழுத விடுவதற்கான கண்டோனேஷன் கட்டணத்தை நானே கட்டினேன், அதைப் பெரிய உதவி என்றும் நினைத்துக்கொண்டேன். இறுதியாண்டு முடிந்தபோது அவளுக்குக் கோப்பைகள் இருந்தன, ஏழு தாள்களில் அரியரும் இருந்தது. பட்டம் வாங்காமலே திருமணமாகிப் போய்விட்டாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுத்தபோது பட்டம் கேட்டார்கள். அவளால் விண்ணப்பிக்க முடியவில்லை. "பரவாயில்லை மேடம், நான்தான் படிச்சிருக்கணும்" என்று தொலைபேசியில் சொன்னாள். அவளை வகுப்பிலிருந்து வெளியே அழைத்தது என் கையெழுத்து.

சம்மிட்டை இரக்கமற்ற கண்டிப்புக்காரர் என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய பார்வைக்கு ஆட்டக்காரர்கள் அஞ்சியதும் உண்மைதான். ஆனால் அந்தக் கண்டிப்பு எதற்குப் பயன்பட்டது என்பதற்கு டமிகா கேட்சிங்ஸ் ஒருவரே போதும். பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். பிள்ளைப் பருவத்தில் கேலிக்கு ஆளாகிக் கேட்புக் கருவியைத் தூக்கி எறிந்தவர். டென்னசிக்கு வந்தபிறகு, மீண்டும் கருவி அணியவும் பேச்சுப் பயிற்சிக்குச் செல்லவும் அவரை இணங்கவைத்தவர் சம்மிட். கேட்சிங்ஸ் பிற்காலத்தில் நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் பெற்றார். கருவி அணியாமலும் அவர் சிறப்பாக ஆடிக்கொண்டுதான் இருந்தார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அணியின் வெற்றி மட்டுமே நோக்கமென்றால் அந்தப் பேச்சை எடுக்கவே தேவை இருந்திருக்காது.

தோல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1996–97 பருவத்தில் அவருடைய அணி பத்து ஆட்டங்களில் தோற்றது. அதே பருவத்தின் இறுதியில் தேசியப் பட்டத்தையும் வென்றது. அடுத்த பருவத்தில் ஆடிய 39 ஆட்டங்களிலும் வெற்றி. நானாக இருந்தால் ஐந்தாவது தோல்வியிலேயே அணியைக் கலைத்துப் புதிதாக அடுக்கியிருப்பேன்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு மறதிநோயின் தொடக்கம் கண்டறியப்பட்டிருப்பதை அவரே உலகுக்கு அறிவித்தார். மறைத்திருக்கலாம், உடனே விலகியிருக்கலாம், இரண்டையும் செய்யவில்லை. இன்னொரு பருவம் முழுவதும் ஆட்டக்களத்தின் ஓரத்தில் அமர்ந்தார். ஆட்டத்தை நடத்தும் வேலையில் பெரும்பகுதியை ஹாலி வார்லிக் ஏற்றார்; அவர் ஒரு காலத்தில் சம்மிட்டிடம் ஆடியவர், பின்பு பல ஆண்டுகள் அவருக்கு உதவியாளராக இருந்தவர். 2012 ஏப்ரலில் சம்மிட் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் மறைந்தார். அவரிடம் ஆடிய காரா லாசன் 2020 முதல் டியூக் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுநராக இருக்கிறார். இப்படிப் பயிற்றுநர்களானவர்களின் வரிசை நீளமானது.

சம்மிட்டின் வகுப்பறை விதியை நான் படித்தபோது எனக்குப் பணியில் ஆறு ஆண்டுகள் மிச்சமிருந்தன. ஓ.டி. பதிவேட்டில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன்: தவறிய வகுப்பு எது, அந்தப் பாடத்தை எப்போது ஈடுசெய்தாள், பாட ஆசிரியரின் கையெழுத்து. கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. முதல் ஆண்டு எங்கள் முதன்மை ஆட்டக்காரி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கல்லூரிகளுக்கு இடையிலான அரையிறுதியில் தோற்றோம். மறுநாள் காலை முதல்வர் அழைத்துக் காரணம் கேட்டார். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் விரித்துவைத்தேன்.