காற்றாடிமலையில் ஒரு ஆடி மாதக் காலை

அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வீட்டை ஒட்டிய ஏழு சென்ட் நிலத்தில் நாலடி வழிப்பாதை யாருக்கு என்ற தகராறில் அண்ணனும் நானும் பேசிக்கொள்ளாமல் ஐந்து மாதம் இருக்கும். வக்கீல் நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டுதான் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஏறினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு என்னை தேவசகாயத்துக்கிட்ட கூட்டிட்டுப் போ மக்களே" என்றாள். அவ்வளவுதான்.

முதலில் புலியூர்க்குறிச்சி. கிறிஸ்தவரானதற்காகக் கொல்லப்பட்ட புனிதர் தேவசகாயம், அடிபட்டுத் தாகத்தில் தவித்தபோது முழங்கையால் இடித்ததும் தண்ணீர் சுரந்ததாக ஊரார் நம்பும் முட்டிடிச்சான் பாறை அங்கேதான் இருக்கிறது. அம்மா ஒரு மூடி அளவு நீரை எடுத்துக் குடித்தாள். மிச்சத்தை என் நெற்றியில் தடவினாள். அவள் விரல் நடுங்கியது.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே, கூரை போன சிற்றாலயச் சுவர்களுக்கு நடுவே டி லனாய் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கியவர். 1777-இல் இறந்தார். லத்தீனிலும் தமிழிலும் எழுதிய அந்தக் கல்லில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். எத்தனை கோட்டை, எத்தனை பீரங்கி பார்த்த மனிதர்! ஆனால் எங்கள் வீட்டு ஜெபத்தில் அவர் பெயர் வருவது வேறொரு காரியத்துக்காக.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர்தான் பின்னாளில் தேவசகாயம் ஆனவர். அரண்மனை உத்தியோகஸ்தர், வசதியான குடும்பம். ஒரு காலத்தில் மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது, சொத்து கரைந்தது. முகம் வாடியிருந்த நண்பரிடம் டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார். ஆடுமாடு, பிள்ளைகள் எல்லாம் போன பின்னும் 'ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்' என்று சொன்ன மனிதனின் கதை. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்பதைத்தான் நான் மனதில் பிடித்து வைத்திருந்தேன். அம்மா வேறு மாதிரி பிடித்து வைத்திருந்தாள். "இவருக்கு ஒண்ணும் திரும்பக் கிடைக்கல்ல மக்களே. இருந்ததும் போச்சு. அதுக்குப் பொறவுதான் அவருக்கு சாமி கிடைச்சாரு" என்றாள்.

உண்மைதான். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர். கடவுளே துணை என்று பொருள், அதுவே தமிழில் தேவசகாயம். இயேசு சொன்ன உவமை ஒன்றில், பணக்காரன் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கும் இதே பெயர். விலையுயர்ந்த ஆடை உடுத்தித் தினமும் விருந்துண்ட பணக்காரனுக்கு அந்தக் கதையில் பெயரே கிடையாது. இத்தனை வருடம் கோயிலில் அதை வாசிக்கக் கேட்டும், அந்தப் பெயரில்லாதவன் யார் என்று எனக்குத் தோன்றியதில்லை. அன்று காரில் போகும்போது தோன்றியது. பையில் இருந்த காகிதத்தின் முதல் வரியில் என் முழுப் பெயரும் பட்டா எண்ணும் இருந்தன.

ஆரல்வாய்மொழிக்கு வந்தபோது ஆடிக்காற்று சுழற்றி அடித்தது. கணவாய் வழியாக வரும் காற்று அது, சுற்றிலும் காற்றாலைகள். அம்மாவின் சேலைத் தலைப்பை ஒரு கையில் பிடித்தபடி மெதுவாக ஏற்றினேன். 1749-இல் கைதாகி, எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைக்கப்பட்டு ஊர் ஊராக அவமானப்பட்டு, மூன்று வருடம் கழித்து 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் இந்தக் காற்றாடிமலை. பழைய மதத்துக்குத் திரும்பினால் போதும், பதவி திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டியும் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரி ஓசை வரும். வந்தவர்கள் எல்லாம் தட்டித் தட்டிப் பாறையில் வெளுத்த தழும்புகள். அம்மா ஒரு கூழாங்கல்லை எடுத்து என் கையில் வைத்தாள். "மெதுவா தட்டு." தட்டினேன். காற்றின் இரைச்சலையும் மீறி அது ணங்கென்று ஒலித்து, உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. அடுத்தடுத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன். கண் கலங்கியதைக் காற்று என்று அம்மா நினைத்திருக்கலாம். நினைத்திருக்கவும் மாட்டாள்.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் பேராலயம். சுட்ட பிறகு உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். விலங்குகள் தின்றது போக மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி வந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அவர் மனைவி ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்குப் போய், அங்கேயே வாழ்ந்து மண்ணானார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் இவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயரும் உதிர்ந்து, வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். வீடு இல்லை, வயல் இல்லை, உடம்பு முழுசாக இல்லை, சாதியும் இல்லை. கல்லறைமேல் யாரோ வைத்த ஒரு முழம் பிச்சிப்பூ மட்டும் வாடாமல் இருந்தது. ஒரு கிழவர் தன் பேரனைத் தூக்கி அந்தக் கல்லைத் தொடவைத்தார்.

அம்மா முழங்கால் படியிட்டிருந்தாள். நான் வெளியே வந்து அண்ணனுக்கு போன் போட்டேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. மணி நீண்டு அடித்து, எடுத்தான்.

"அண்ணே, அப்பாவுக்கு வருசப் பூசை கோட்டாறுல வச்சிருவோமா? ரெண்டு பேரும் சேந்து."

மறுபக்கம் சத்தமே இல்லை. வாகன இரைச்சலில் கேட்கவில்லையோ என்று மறுபடி கூப்பிட வாயெடுத்தேன்.

"அம்மை ஏதாவது சாப்பிட்டாளா?" என்று கேட்டான்.