ரவுட்டர்ல தானா போர்ட் திறக்கிற லைப்ரரி எழுதின அனுபவம்

பைத்தான்ல ஒரு சின்ன லைப்ரரி எழுதி ஒருவழியா முடிச்சாச்சு. வேலை ஒண்ணே ஒண்ணுதான், நம்ம ப்ரோக்ராமுக்கு வேண்டிய போர்ட்டை (வெளிய இருந்து வர்றவங்களுக்கான நம்பர் போட்ட கதவு மாதிரி) வீட்டு ரவுட்டர்கிட்ட கேட்டு திறக்க வைக்கணும், யூசர் அட்மின் பேஜ் பக்கமே போகக்கூடாது. வீட்ல கேம் சர்வர் வெச்சு ஃப்ரெண்ட்ஸை கூப்பிட்டவங்களுக்கு இதோட அருமை தெரியும். இதே வேலைக்கு மினியுபிஎன்பிசினு நல்ல சி லைப்ரரி ஏற்கனவே இருக்கு, ஆனா விண்டோஸ்ல கம்பைலரோட மல்லுக்கட்ட எனக்கு பொறுமை இல்ல, ப்யூர் பைத்தான்லயே வேணும்னு தோணுச்சு.

முதல்ல யூபிஎன்பி, வீட்டு நெட்வொர்க்ல இருக்கிற டிவைஸ் எல்லாம் ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சு பேசிக்கிற முறை. 239.255.255.250ங்கிற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்துல பல டிவைஸ் கேக்கிற) அட்ரஸுக்கு யூடிபி 1900ல ஒரு தேடல் மெசேஜ் விட்டா ரவுட்டர் தன்னோட எக்ஸ்எம்எல் ஃபைல் எங்க இருக்குனு லிங்க் அனுப்பும். கேட்வே, அதாவது ரவுட்டர் மட்டும் பதில் சொல்லுனு குறிப்பா கேக்கணும், பொதுவா எல்லாரும் வாங்கனு கூப்பிட்டா டிவி, பிரிண்டர்னு ஆளாளுக்கு ஆஜர் ஆவாங்க. லேப்டாப்ல விபிஎன், விர்ச்சுவல் மெஷின் ஏதாவது இருந்தா மெசேஜ் அந்த வழியா வெளிய போய் காணாம போயிடும், ரவுட்டரே இல்லனு நினைச்சுப்போம். அதனால ஒவ்வொரு இன்டர்ஃபேஸ்லயும் தனித்தனியா அனுப்புறேன்.

எக்ஸ்எம்எல் உள்ள ஐபி கனெக்‌ஷன், பிபிபி கனெக்‌ஷன்னு ரெண்டு சர்வீஸ் இருக்கலாம், சில ரவுட்டர் ரெண்டையும் காட்டும் ஆனா ஒண்ணுதான் உயிரோட இருக்கும், ஸ்டேட்டஸ் கேட்டு கனெக்டட்னு வர்றதை எடுத்துக்கணும். அப்புறம்தான் சோப்ங்கிற எக்ஸ்எம்எல் மெசேஜ் ரிக்வெஸ்ட்ல போர்ட் மேப்பிங் கேக்கறது, அதாவது இந்த போர்ட்டுக்கு வர்றதை நம்ம மெஷினுக்கு அனுப்புனு சொல்றது. அதுல ஆர்குமென்ட்ஸ் ஸ்பெக்ல இருக்கிற வரிசையிலயே போகணும், மாத்தினா சில ரவுட்டர் கோவிச்சுக்கும். எரர் 718 வந்தா அந்த போர்ட்டை வேற மெஷின் பிடிச்சிருக்குனு அர்த்தம், வேற நம்பர் பாக்கணும். 725 வந்தா டைம் லிமிட்லாம் எனக்கு தெரியாது நிரந்தரமாத்தான் தருவேன்னு ரவுட்டர் சொல்லுது, லீஸை (எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்ங்கிறது) 0னு போட்டு திரும்ப கேக்கணும். நிரந்தரம்னா ப்ரோக்ராம் க்ராஷ் ஆனாலும் போர்ட் திறந்தே கிடக்கும், அதனால என் லைப்ரரி அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகும்போதே நம்ம பேர்ல கிடக்கிற பழசை அழிச்சிட்டுத்தான் புதுசு கேக்குது.

இத்தனைக்கு அப்புறம், இதே வேலையை செய்ற இன்னொரு முறையான நாட்-பிஎம்பி பக்கம் வந்தா சொர்க்கம். ஆப்பிள்காரங்க கொண்டு வந்தது, ஸ்பெக் ஆர்எஃப்சி 6886. 12 பைட் பாக்கெட்டை கேட்வேயோட 5351 போர்ட்டுக்கு அனுப்பு, 16 பைட் பதில் வரும், முடிஞ்சது. எக்ஸ்எம்எல் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. லீஸ் 7200 செகண்ட் கேளுங்கனு அதுலயே சொல்லியிருக்கு, பாதி நேரம் ஆனதும் ரின்யூ பண்ணணும். பதில்ல எபோக்னு ஒரு கவுண்டர் வரும், அது திடீர்னு குறைஞ்சா ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆயிருக்கு, மேப்பிங் எல்லாம் போச்சு, மறுபடி கேக்கணும்னு தெரிஞ்சுக்கலாம், யாரு யோசிச்சாங்களோ கும்பிடணும். கஷ்டம் என்னன்னா கேட்வே ஐபியை கண்டுபிடிக்க பைத்தான் ஸ்டாண்டர்ட் லைப்ரரில நேரடியா வழி இல்ல, லினக்ஸ்ல ப்ராக் ஃபைல்சிஸ்டம்ல ரூட் டேபிளை படிச்சா ஐபி ஹெக்ஸ்ல பைட் எல்லாம் தலைகீழா இருக்கு, விண்டோஸ்ல ரூட் பிரிண்ட் கமாண்டோட அவுட்புட்டை வெட்டி எடுக்கணும்.

இதெல்லாம் சரியா நடந்து ரவுட்டர் ஓகே சொல்லிடும், ஆனா வெளிய இருந்து யாராலயும் கனெக்ட் பண்ண முடியாது. காரணம் சிஜிநாட், நம்ம ரவுட்டருக்கே பப்ளிக் ஐபி இல்லாம ஐஎஸ்பி (இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி) பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் ஐபியை பங்கு போடுற அவங்களோட நாட் (NAT) அமைப்புக்கு உள்ள வெச்சிருப்பாங்க. மேப்பிங் கிடைச்சதும் எக்ஸ்டர்னல் ஐபியையும் கேட்டு வாங்கி செக் பண்ணியே ஆகணும். 100.64ல ஆரம்பிச்சு 100.127 வரைக்கும் வந்தா சிஜிநாட், 192.168, 10னு வந்தா ரவுட்டருக்கு முன்னாடி இன்னொரு ரவுட்டர் உக்காந்திருக்கு. இங்க ஒரு பொறி இருக்கு, பைத்தானோட ஐபிஅட்ரஸ் மாட்யூல்ல அந்த 100.64 ரேஞ்சுக்கு இஸ்-ப்ரைவேட்னு கேட்டா இல்லங்கும், இஸ்-குளோபல்னு கேட்டாலும் இல்லங்கும். அதனால குளோபல் இல்லாத எதையும் நம்பாதேனு எழுதியிருக்கேன். இந்த கேஸுக்கு தனி எக்ஸெப்ஷனே வெச்சேன், பொத்தாம்பொதுவா ஃபெயில்னு சொன்னா யூசர் பாவம் ரவுட்டர் செட்டிங்ஸையே ராத்திரி பூரா நோண்டிட்டு இருப்பாரு, இது ஐஎஸ்பிகிட்ட பப்ளிக் ஐபி கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

செக்யூரிட்டி காரணமா யூபிஎன்பியை ஆஃப் பண்ணி வெச்சிருக்கிறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், பாஸ்வேர்ட் எதுவும் கேக்காம வீட்டுக்குள்ள இருக்கிற எந்த டிவைஸ் கேட்டாலும் திறந்து விடுற சமாச்சாரம் அது. அதான் லைப்ரரி இம்போர்ட் பண்ணதும் தானா எதையும் திறக்காது, ப்ரோக்ராம் வெளிப்படையா கேட்டாத்தான், அதுவும் ஓடுற மெஷினோட சொந்த ஐபிக்கு மட்டும். நாட்-பிஎம்பிக்கு அடுத்து வந்த பிசிபிங்கிற முறைக்கான சப்போர்ட் இன்னும் பாதியில நிக்குது, அதுவும் அதே 5351 போர்ட்தான், ஐபிவி6க்கும் சேத்து கேக்கலாம்ங்கிறதால அடுத்து அதைத்தான் எடுக்கப் போறேன்.