ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாயோடு பாம்பன் வரை

தனுஷ்கோடிக்கு ஆட்டோவில் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றது. ராமேஸ்வரத்தில் போகவர 800 ரூபாய் என்று பேசி ஏறினேன். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், "வெயிட்டிங் தனி சார், ஒரு 400 குடுங்க" என்கிறார். ஏறும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்கிறார். எனக்குத் தெரியாதே! மூன்று பக்கமும் கடல், மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும், இவன் எங்கே போய்விடுவான் என்ற தைரியம். கத்திப் பேசி 200 கொடுத்தேன். திரும்பி வரும்போது எதிரே அரசுப் பேருந்து ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு முனைக்குப் போனது பாருங்கள், அப்போதுதான் வயிறு எரிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது. அதில் போங்கள்.

அந்த ஆயிரம் ரூபாய் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் போயிற்று என்றால், கையில் என் காசு என்று இருந்ததே 2,200தான். பையில் இன்னொரு 9,800 இருந்தது. அது என்னுடையது இல்லை. அதைக் கொடுக்கத்தான் பாம்பனுக்கே வந்தேன்.

நான் ஆறு வருடமாகப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடிப் பிழைக்கிறேன். பெரும்பாலும் இணையத்தில்தான் ஆடினேன், ஒரே நேரத்தில் நான்கு மேசை. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்ததும் அந்தக் கதவு மூடிவிட்டது. இனி நேரில் உட்கார்ந்து ஆடும் போட்டிகள்தான், அதற்குக் கோவா போக வேண்டும். நுழைவுக் கட்டணம் 35,000 ரூபாய். முழுவதையும் சொந்தக் காசில் போட எனக்கு வசதி இல்லை. எங்கள் தொழிலில் பங்கு விற்பது சகஜம். இருபது சதவீதம் ஒருவர் வாங்கினால் கட்டணத்தில் இருபது சதவீதம் அவர் போடுவார், வரும் பரிசில் இருபது சதவீதம் அவருக்கு. அந்த இருபதை, அதாவது 7,000 ரூபாயை, பாம்பன் அண்ணன் போட்டிருந்தார்.

அண்ணனுக்குத் தென்கடல் பக்கம் ஒரு வல்லம், அதாவது மீன்பிடிப் படகு, இருக்கிறது. நான்கு வருடம் முன்பு ஊர் சுற்ற வந்தபோது பழக்கம். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். பங்கு விற்பதை விளக்கினால், படித்தவர்கள்கூட இரண்டு தடவை முழிப்பார்கள். அவருக்கு அரை நிமிடம் ஆகவில்லை. "டீசல் செலவு போக படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அதானே?" என்றார். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "காசை போன்ல போடாதீங்க தம்பி. நேர்ல வந்து கணக்குச் சொல்லுங்க."

மதுரைவரை வந்த கதையை விடுகிறேன், ரயிலில் தூங்கினேன். மாட்டுத்தாவணியில் ஏறிய பஸ்ஸைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டு, முழங்கால் நெஞ்சில் முட்டுகிறது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது. மானாமதுரை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பரமக்குடி வருவதற்குள் இடது கை சட்டை முழுக்க நனைந்து, பையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன், உள்ளே பணம் இருக்கிறதே. கண்டக்டரிடம் சொன்னால், "வேற சீட்டு இருந்தா பாத்துக்கங்க" என்கிறார், நிற்பதற்கே இடமில்லாத வண்டியில். நாலரை மணி நேரம். பயணிகள் ரயில் இருக்கும்போது இதில் ஏறியது பெரிய தப்பு.

உச்சிப்புளி தாண்டினால் கோபம் எல்லாம் போய்விடும், அது வேறு விஷயம். மண்டபம் வந்து சாலைப் பாலத்தில் வண்டி ஏறும்போது இடது பக்கம் பழைய ரயில் பாலமும் அதன் பக்கத்திலேயே புதியதும் தெரிந்தன. பழையது 1914-இல் திறந்தது, ரயில் ஓடிய காலத்தில் நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கும். புதியது 2025 ஏப்ரலில் திறந்தது, 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே மொத்தமாகச் செங்குத்தாக மேலே போகிறது. மழையில் கடல் சாம்பல் நிறமாகக் கிடக்க, அந்த இரண்டு பாலத்தையும் ஒன்றாகப் பார்த்தபோது பஸ்ஸில் இருந்த சின்னப் பையன்களோடு சேர்ந்து நானும் எழுந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்குப் போனால் அண்ணன் கடலில். "சாயங்காலம்தான் வருவாக" என்றார் மதினி. அந்த இடைவெளியில்தான் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விழுங்கிய ஊர், இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. வடகடல் அமைதியானது, பெண்கடல் என்பார்கள், தென்கடல் ஆண்கடல். வாடைக் காலம் என்பதால் அன்று தலைகீழ். வடக்கே அலை சாலையோரக் கற்களில் அடித்துத் தெறிக்கிறது, தெற்கே குளம் மாதிரி. நடுவில் நின்றுகொண்டு அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி இருந்தேன். ஏனென்றால் கணக்கில் மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் ஆட்டத்தில் ஒரு இடத்தைப் பற்றி எனக்கே சரியாக இல்லை.

அண்ணன் வந்ததும் சாப்பாடு. இதற்கு ஒரு பத்தி கொடுக்காவிட்டால் பாவம். அன்று வல்லத்தில் வந்த விளைமீன், ராமநாதபுரம் குண்டு மிளகாயை அரைத்து ஊற்றிய குழம்பு. அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கொடுத்தது நியாயம்தான். நாக்கில் பட்டதும் காரம் தெரிவதில்லை, இரண்டாவது கவளத்தில்தான் காது மடலில் சூடு ஏறுகிறது. மதினி மீனின் தலையை எனக்கு வைத்தார். பக்கத்தில் கணவாய்த் தொக்கு, ரப்பராக இழுக்காமல் பல்லுக்கு மெத்தென்று. மூன்று முறை சோறு வாங்கினேன். கோவாவில் நான்கு நாள் தின்ற சாப்பாட்டுக்கு ஆன செலவை நினைத்தால் அழுகை வரும்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். மொத்தம் 412 பேர். முதல் 54 பேருக்குப் பரிசு. நான் 41-ஆவது. பரிசு 70,000. அதில் 30 சதவீதம் வரி, 21,000 பிடித்துவிட்டார்கள். சீட்டாட்டப் பரிசுக்குச் சட்டத்தில் எந்தச் செலவையும் கழிக்க முடியாது, ரயில் டிக்கெட்டோ அறை வாடகையோ ஒன்றும் செல்லாது. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. மிச்சம் 49,000. அண்ணன் பங்கு 9,800.

"சரி, ஆட்டத்தச் சொல்லுங்க" என்றார் அண்ணன். காசை அவர் எண்ணவே இல்லை.

இணையத்தில் ஆடியவனுக்கு நேரில் ஆடுவது வேறு தொழில். திரையில் ஒரு மேசையிலேயே மணிக்கு அறுபது எழுபது ஆட்டம் ஓடும். இங்கே கையால் குலுக்கிப் போட்டு முடிக்க மணிக்கு முப்பது வந்தால் அதிகம். அதில் முக்கால்வாசியை மடித்துவிட்டு, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி, உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாளில் பத்து மணி நேரம். முதுகு போய்விடும். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கர் இணையத்தில் தகுதி பெற்றுப் போய், உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்தக் கதையைப் படித்துத்தான் நாங்கள் பலர் இதற்குள் வந்தோம். அவர் முதுகு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதவில்லை.

ஆனால் நேரில் ஒன்று கிடைக்கும், எதிராளி. முதல் நாள் என் எதிரே ஒரு பெரியவர். நல்ல சீட்டு இருந்தால் சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) மெதுவாக, சத்தமில்லாமல் நகர்த்துவார். மூன்று மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போக்கரில் ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து. என்னிடம் இரண்டு ஒன்பது. மேசையில் ராஜா, ஏழு, நாலு, மறுபடி நாலு, இரண்டு. கடைசிச் சீட்டு விழுந்ததும் பெரியவர் ஒரு கற்றைச் சிப்பை டக்கென்று அழுத்தி வைத்து என் முகத்தையே பார்த்தார். முடிவெடுக்க முப்பது நொடி. எனக்குச் சத்தம்தான் காதில் இருந்தது. அவர் வைத்த அளவுக்கு நானும் கட்டினேன். அவர் கையில் ஏஸும் ராணியும், ஒன்றும் சேரவில்லை. அந்த ஒரு ஆட்டத்தில்தான் இரண்டாம் நாளுக்கே போனேன்.

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "சத்தம் போடுறவன்கிட்ட மீனு இருக்காது" என்றார்.

அப்புறம் சொல்ல விரும்பாத இடம். 55 பேர் மிச்சம், 54 பேருக்குக் காசு. இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும். எங்களில் இதைப் பபிள் என்போம். எல்லா மேசையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு ஆட்டமாக நிறுத்தி நிறுத்தி ஆடும், அறையில் மூச்சுச் சத்தம் கேட்கும். எனக்கு ஏஸ்-ராணி வந்தது. முன்னால் ஒருவர் பந்தயத்தை ஏற்றியிருந்தார். என்னிடம் பெரிய கட்டணத்துக்கு (சீட்டுப் போடும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) பதினான்கு மடங்குதான் சிப் இருந்தது, போட்டால் மொத்தமும் போட வேண்டும். மடித்துவிட்டேன். கணக்குப்படி அது தப்பில்லை. சிப் இரட்டிப்பானால் பரிசு இரட்டிப்பாகாது, சிப் போனால் எல்லாம் போய்விடும். ஆனால் நான் அந்தக் கணக்கைப் போட்டு மடிக்கவில்லை. பாம்பனுக்கு வெறுங்கையோடு வர வேண்டுமே என்று மடித்தேன். அதை அப்படியே சொன்னேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்க காசுக்காகவா மடிச்சீங்க?"

"ஆமாண்ணே."

"அப்ப அது சரியில்ல தம்பி. பங்குக்காரன நெனச்சு வலைய எடுத்துட்டு வந்தா அன்னைக்குப் பாடு கெட்டுப்போகும்."

அரை மணி நேரத்தில் வேறொருவர் வெளியேறிவிட்டார். அதன் பிறகு இரண்டு ஜாக்கி வந்தது, மொத்தமும் போட்டேன், எதிராளி ஏஸ்-ராஜா. நூற்றுக்கு ஐம்பத்தேழு நான் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். கடைசிச் சீட்டு ஏஸ். கைகொடுத்துவிட்டு எழுந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மதினி இதையெல்லாம் வாசல் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சீட்டாட்டம் பிடிக்காது, முதல் தடவை அண்ணன் காசு போட்டபோதே இரண்டு நாள் பேசவில்லையாம். "தோத்திருந்தா ஏழாயிரமும் போயிருக்குமா?" என்று கேட்டார். போயிருக்கும் மதினி, பத்துக்கு எட்டுத் தடவைக்கு மேல் போகும் என்றேன். காசைக் கையில் வாங்கி, விரலை நாக்கில் தொட்டு இரண்டு முறை எண்ணினார். 7,000-ஐத் தனியாகப் பிரித்து முந்தானையில் முடிந்தார். மிச்சம் 2,800-ஐ என் பக்கம் நகர்த்தி, "இது உங்க ஆட்டத்துல வந்தது, அடுத்ததுக்கு வச்சுக்கங்க. இது போனா போகட்டும், முதலத் தொடமாட்டேன். எங்கள நெனச்சு மடிக்காதீங்க" என்றார்.

பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினேன். 35,000-க்கு 2,800, எட்டு சதவீதம். இந்தத் தடவை அண்ணன் பெயரில் இல்லை, மதினி பெயரில்.

திரும்பும்போது பயணிகள் ரயில். டிக்கெட் ஒரு டீயும் வடையும் தின்கிற காசுதான் இருக்கும். மதினி கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, புதுப் பாலம் வருவதற்கு முன்பே கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். செலவு விவரம், தங்கும் இடம் எல்லாம் கடைசியில் எழுத நினைத்தேன். தங்கியது அண்ணன் வீட்டுத் திண்ணையில், அதற்கு வாடகை கிடையாது.