டோன் ஏறிருச்சுன்னு சந்தோசப்பட்ட கதை

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துருச்சு. டிஸ்சார்ஜ் சம்மரில டோன் குறைவு, பவர் 1/5ன்னு போட்டிருந்துச்சு, ரெண்டும் ஒண்ணுதான் போலன்னு விட்டுட்டோம். கையைத் தூக்கி விட்டா ஈரத்துணி மாதிரி தொப்புன்னு கட்டில்ல விழும்.

ஆறு வாரம் கழிச்சு ரிவ்யூல டோன் கூடியிருக்கு, டோனை அளக்குற ஆஷ்வொர்த் ஸ்கேல்ல 1+ன்னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு ஒரே சந்தோசம், கைக்குத் தெம்பு வருதும்மான்னு ரூம் வாசல்லயே போன் போட்டுட்டேன், அம்மா சித்தப்பா வரைக்கும் சொல்லிருச்சு. அப்புறம் மெடிக்கல்ல பாக்லோஃபென் வாங்குனா, அந்தண்ணன் இது தசையைத் தளர்த்துற மாத்திரைங்கறாரு. தெம்பு வர்ற நேரத்துல எதுக்குத் தளர்த்தணும்?

வீட்டுக்கு வர்ற பிசியோ பொண்ணுதான் புரிய வெச்சுச்சு. "அக்கா, டோன் வேற பவர் வேற, அப்பாவா தூக்குனா அது பவர், அவரு சும்மா இருக்கறப்ப நான் மடக்கி நீட்டுனா தசை எவ்ளோ முறுக்குதோ அதான் டோன்"னு சொல்லிட்டு முழங்கையை மெதுவா நீட்டுச்சு, வந்துருச்சு. வெடுக்குன்னு இழுத்துச்சு, பாதியில டக்குன்னு பிடிச்சு அப்புறம்தான் விட்டுச்சு. இப்படி வேகத்துக்கு ஏத்த மாதிரி பிடிக்கறதுதான் ஸ்பாஸ்டிசிட்டியாம். பார்க்கின்சன்ல வர்ற ரிஜிடிட்டி அப்படி இல்ல, மெதுவா நீட்டுனாலும் வேகமா நீட்டுனாலும் ஒரே இறுக்கம்தான்.

கூத்து என்னன்னா பவர் 0லருந்து 5, ஏற ஏற நல்லது. ஆஷ்வொர்த்ல 0தான் நார்மல், 4ன்னா கை அப்படியே இறுகிப்போச்சுன்னு அர்த்தம். 1க்கும் 2க்கும் நடுவுல இந்த 1+ஐ வேற 1987ல சேர்த்திருக்காங்க. தலைகீழா ஓடுற ரெண்டு நம்பரை ஒரே சீட்டுல பக்கத்துல பக்கத்துல எழுதுனா எவனுக்குங்க புரியும்?

அப்பதான் அப்பா கையையே ஒழுங்கா பாத்தேன். மூடுன கைக்குள்ள நகம் பதிஞ்சு சிவந்திருக்கு, வேர்த்து ஒரு வாடை. விரலைப் பிடிச்சுப் பிரிக்கக் கூடாது, மணிக்கட்டை உள்பக்கமா மடக்குனா விரல் தானா லேசா தளரும், அந்த நேரத்துல துடைச்சுக்கணும். கொட்டாவி விட்டா அந்தக் கை தானா மடங்கி மேல வரும், அம்மா அதைப் பாத்துட்டு கை தூக்குறாருடின்னு ஓடி வரும்.

சித்தப்பா இன்னும் போன் பண்ணா முதல் கேள்வி, டோன் எவ்ளோ ஏறியிருக்கு.