சங்குப்பூத் தாள் இட்லி மாவின் புளிப்பைச் சொல்லுமா?

அரைத்த கையோடு இட்லி மாவின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 6. இரவில் புளித்துப் பொங்கியபின் 4.5 அளவுக்கு இறங்கிவிடும். அந்த இறக்கத்தைக் காகிதத்தில் கண்ணால் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. பி.எச். மீட்டர் துல்லியமானதுதான், ஆனால் அதன் கண்ணாடி முனையை உலராமல் காக்க வேண்டும். மாவில் விட்டால் கழுவி மாளாது.

சாயத்துக்கு வேலியில் படர்ந்திருந்த நீலச் சங்குப்பூவையே எடுத்துக்கொண்டேன். பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு இதழ்களை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து வடித்தேன். தண்ணீரில் கவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட், வருகிற அமிலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் மலிவாகக் கிடைக்கிறது, அது போதும்.

வடிதாளை முழுவதும் சாயத்தில் தோய்க்கவில்லை. 2007இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் நீர் புகாத வரப்புகளைக் காகிதத்துக்குள்ளேயே பதித்து, சிறுநீரில் குளுக்கோஸையும் புரதத்தையும் ஒரே துண்டில் சோதித்துக் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது ஒளிபட்டால் இறுகும் பாலிமர். வீட்டில் அதற்கு மெழுகு உண்டு. வெள்ளை மெழுகுவர்த்தியால் ஓர் ஓடையும் அதன் முடிவில் ஒரு கட்டமும் வரைந்து, தாளைத் திருப்பி இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினேன். மெழுகு அடிவரை இறங்கினால்தான் வரப்பு நிற்கும். இறங்கும்போது பக்கவாட்டிலும் பரவும் என்பதால் ஓடையைத் தேவைக்கு மேல் அகலமாகவே வரைய வேண்டும். சாயம் கடைசிக் கட்டத்தில் மட்டும், ஒரு சொட்டு.

மாவை ஓடையின் வாயில் வைத்ததும் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அரிசியும் உளுந்தும் வெள்ளைத் திட்டாக அங்கேயே தங்கிவிடுகின்றன. தெளிந்த நீர் மட்டும் நார்களைப் பற்றி ஊர்ந்து சாயக் கட்டத்தைத் தொடுகிறது. தனியாக வடிகட்ட வேண்டியதில்லை. உளுந்தின் வழவழப்பு ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறது. கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் கலந்தால் சரியாகிறது. நீர் ஓடும்போது சாயத்தையும் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டத்தின் ஓரத்தில் கோடாகக் குவிக்கிறது; நிறத்தை அந்தக் கோட்டில்தான் பார்க்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறு இளஞ்சிவப்பு. ஆப்ப சோடா நீலப்பச்சை. தெளிந்த சுண்ணாம்பு நீர் பச்சையாகி, விட்டுவைத்தால் மஞ்சளுக்குப் போகிறது. எல்லாம் பார்க்க அழகு. ஆனால் மாவு? புதியது நீலம், புளித்தது நீலத்தில் லேசான ஊதாச் சாயல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிறது. தனியாகக் காட்டினால் யாரும் சொல்ல முடியாது. சங்குப்பூ ஊதாவும் சிவப்புமாகத் திரும்புவது 4க்கும் கீழேதான். நமக்கு வேண்டிய இடைவெளியில் அது மந்தம். சமையல் மஞ்சள் தூள் இதற்கு உதவவே உதவாது: அது சிவப்பது காரத்தில் மட்டும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ப்பது அதனால்தானே.

கைபேசியில் படமெடுத்து நிறத்தை எண்ணாக்கிப் பார்த்தேன். கேமரா தானாகவே வெண்மையைத் திருத்துவதால் டியூப்லைட்டில் ஒரு நீலம், ஜன்னல் ஓரத்தில் வேறொரு நீலம். ஆய்வகப் பொருள் கடைகளில் பி.எச். 4, 7, 9.2 என்று தாங்கல் கரைசலுக்கான (பி.எச். மாறாமல் நிற்கும் கரைசல்) மாத்திரைகள் கிடைக்கின்றன. அவற்றைக் கரைத்து அதே தாளில் பக்கத்துக் கட்டங்களில் விட்டு, எல்லாவற்றையும் ஒரே படத்தில் எடுத்தால் ஒளி வேறுபாடு பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. 4க்கும் 7க்கும் இடையில் மாவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதாவது தெரிகிறது.

இந்த வேலைக்கு ஏற்ற சாயம் மெத்தில் சிவப்பு. 4.4இல் சிவப்பு, 6.2இல் மஞ்சள்; மாவு நடமாடும் இடம் அப்படியே அதற்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரைத்துத்தான் தாளில் விட வேண்டும். அதனால் நீரோட்டத்தில் சங்குப்பூ அளவுக்கு அடித்துப்போகாது என்றும் எதிர்பார்க்கிறேன். சமையலறைப் பொருள் அல்ல, ஆகவே சோதித்த மாவும் தாளும் குப்பைக்கே. அடுத்த முறை மாவு அரைக்கும்போது இரண்டு சாயங்களையும் ஒரே தாளில் இரண்டு கிளை ஓடைகளாக வைத்துப் பார்க்கப்போகிறேன்.