பழைய மானிட்டர்ல கேபிள் டிவி: "எல்லாரும் ஏன்டா குண்டாயிட்டாங்க?"

ஹால்ல இருந்த டிவி பேனல் போயிடுச்சு, மாத்துற காசுக்கு புதுசே வாங்கிடலாம்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. அதுவரைக்கும் சும்மா கெடந்த 22 இன்ச் கம்ப்யூட்டர் மானிட்டர்ல ஓட்டுவோம்னு இறங்கினேன். நம்ம கேபிள் பாக்ஸ்ல எச்டிஎம்ஐ கிடையாது, மஞ்சள் வெள்ளை சிவப்பு மூணு பின் மட்டும்தான், அதனால ஒரு ஏவி டு எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் வாங்கி நடுவுல போட்டேன். படம் உடனே வந்துடுச்சு. மானிட்டர்ல ஸ்பீக்கர் இல்ல, பின்னாடி ஹெட்போன் ஜாக்ல பழைய ஸ்பீக்கர சொருகினேன், சத்தமும் வந்துடுச்சு. அம்மா ரெண்டு நிமிஷம் சீரியல் பாத்துட்டு கேட்டதுதான் தலைப்பு.

கண்ணால பாத்து சரி பண்ணா சரிவராதுன்னு பையனோட ஸ்கேல எடுத்தேன். எங்க ஊரு லோக்கல் சேனல் லோகோ வட்டமா மூலையிலயே நிக்கும், அளக்க அத விட்டா வசதி இல்ல. உயரம் 3 செ.மீ., அகலம் 4 செ.மீ. இந்த 4க்கு 3ங்கறது சும்மா வந்ததில்ல, 4:3 படத்த (அகலம் 4 பங்குன்னா உயரம் 3 பங்கு, பழைய டிவி வடிவம்) 16:9 ஸ்கிரீன் (16க்கு 9, இப்ப வர்ற அகல வடிவம்) முழுக்க இழுத்தா சரியா இந்த அளவுக்குத்தான் வீங்கும். கன்வர்ட்டர்ல 720, 1080ன்னு ஒரு குட்டி சுவிட்ச் இருக்கு, அத மாத்தினா சரியாகும்னு நெனச்சேன், ஒண்ணும் ஆகல, ரெண்டுமே 16:9தானே.

அப்புறம்தான் புரிஞ்சுது. பாக்ஸ்லேர்ந்து வர்ற படம் அகலத்துல 720 புள்ளி, உயரத்துல 576 வரி. அதே 720 புள்ளிய 4:3யாவும் விரிக்கலாம், 16:9யாவும் விரிக்கலாம், எப்படி விரிக்கணும்னு இந்த மலிவு கன்வர்ட்டர் பாக்குறதே இல்ல, எது வந்தாலும் ஒரே இழுவைதான்.

மொதல்ல மானிட்டர் மெனுவுக்குள்ள போய் வைடுங்கறத 4:3ன்னு வச்சேன். லோகோ 3க்கு 3, அம்மா சீரியலுக்கு உக்காந்துட்டாங்க. ஆனா ராத்திரி கிரிக்கெட் போட்டா நாலு பக்கமும் கருப்பு, நடுவுல ஒரு ஜன்னல் மாதிரி மேட்ச் ஓடுது. பாக்ஸ் அகலமான படத்த மேலயும் கீழயும் கருப்பு வச்சு 4:3க்குள்ள அடைச்சு அனுப்புது, மானிட்டர் சைடுல வேற கருப்பு வைக்குது. 576 வரில 432 வரிதான் படம், மீதி வெறும் கருப்பு. 48 செ.மீ. அகல ஸ்கிரீன்ல 36 செ.மீ.க்கு மேட்ச் பாக்க யாருக்கு மனசு வரும்.

ஸோ மானிட்டர திரும்ப வைடுக்கு மாத்திட்டு பாக்ஸ் செட்டிங்ஸ்க்குள்ள நுழைஞ்சேன். டிவி டைப் 4:3ன்னு இருந்துச்சு, டிவி வாங்குன காலத்துலேர்ந்து யாரும் தொடல போல. 16:9 வச்சதும் மேட்ச் முழு ஸ்கிரீன், கன்வர்ட்டர் இழுக்குற இழுவை இப்ப வேண்டிய இழுவையாயிடுச்சு. லோகோ மட்டும் மறுபடி 4 செ.மீ.! ஏன்னா அதுக்கு கீழயே இன்னொரு ஆப்ஷன், 'ஃபுல்'னு இருந்தத 'பில்லர் பாக்ஸ்'னு மாத்தணும், அப்பதான் 4:3 சேனலுக்கு ரெண்டு ஓரத்துலயும் கருப்பு வச்சு பாக்ஸே அனுப்பும். திரும்ப அளந்தேன், 3க்கு 3. இதுல ஒரு நஷ்டம், லோக்கல் சேனல் படம் 720 புள்ளில 540க்குள்ள அடங்கிடுது, ஓடுற எழுத்து லேசா மங்கல். பரவால்ல, சேனலுக்கு சேனல் மானிட்டர் பட்டன அமுக்குறத விட இது தேவலாம்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு பாத்தா ஞாயித்துக்கெழம ஒரு கறுப்பு வெள்ளை படம், ஹீரோ மறுபடி தடியா நிக்கிறாரு. இது நம்ம கோளாறு இல்ல, சேனல்காரங்களே 4:3 படத்த இழுத்து 16:9ன்னு அனுப்புறாங்க, பாக்ஸுக்கு அது தெரிய வழியே இல்ல. அந்த மாதிரி படத்துக்கு மட்டும் மானிட்டர்ல 4:3. பட்டன் வரிசைய ஒரு சீட்டுல எழுதி மானிட்டருக்கு பின்னாடி ஒட்டியிருக்கேன்.

அப்பாவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கல. "முழு ஸ்கிரீன் இருக்கப்ப எதுக்குடா ஓரத்துல கருப்பு விடுற"ங்கறாரு. நியூஸ் நேரத்துல போய் பாத்தா 'ஃபுல்' ஆகியிருக்கு. இன்னும் ஒரு வேலை பாக்கி, நியூஸ்ல அடியில ஓடுற வரி பாதி வெட்டுப்படுது, மானிட்டர்ல ஓவர்ஸ்கேன்னு, படத்தோட ஓரத்த ஸ்கிரீனுக்கு வெளிய தள்ளி வெட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கு, அடுத்த லீவுல அத நோண்டணும்.