உயர அனுமதி: காதில் விழுவது முதல் மட்டம் பிடிப்பது வரை

தரையிலிருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் புதிய உயரம் சொன்னதும் விமானி அறையில் வேலை இரண்டாகப் பிரியும். ரேடியோ பார்ப்பவர் எண்ணை விமானத்தின் அழைப்புப் பெயரோடு முழுதாகத் திருப்பிச் சொல்வார். ஓட்டுபவர் அதை ஆட்டோபைலட் பலகையில் ஏற்றி, விரலால் காட்டி வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் ஆமோதித்த பிறகே ஏற்றமோ இறக்கமோ தொடங்கும். சில விநாடி வேலைதான், ஆனால் தவறு நுழைவதும் அங்கேதான்.

காது எதிர்பார்த்ததையே கேட்கும். வழக்கமாக 10,000 அடியில் நிறுத்தப்படும் இடத்தில் ஒருநாள் 11,000 சொன்னால், பழைய எண்ணே மனதில் பதியும். ஒரே அழைப்பில் திசை, வேகம், உயரம் மூன்றும் வந்தால் இன்னும் மோசம்: 240 என்பது மூன்றுக்குமே பொருந்தும் எண். வரும்போதே தாளில் குறித்துவிட வேண்டும்.

1989 பிப்ரவரியில் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. சொன்ன விதம்: ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. விமானிகள் அந்த ‘டூ’வை இரண்டு (two) என்ற எண்ணாக எடுக்காமல், ‘வரை’ என்று பொருள்படும் ‘to’ என்று எடுத்து 400 அடி என்று புரிந்துகொண்டார்கள், ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றே திருப்பியும் சொன்னார்கள். திருத்தம் வரவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி நால்வரும் இறந்தனர். ‘டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

திருப்பிச் சொன்னபின் வரும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுப்பாட்டாளர் அந்நேரம் வேறு தொலைபேசியில் இருக்கலாம்; இருவர் ஒரே சமயம் பேசி நம் குரல் அழிந்திருக்கலாம்; ஒத்த பெயருள்ள வேறொரு விமானம் நம் அனுமதியை எடுத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் ‘பத்தாயிரம்தானே?’ என்று எண்ணைச் சேர்த்துக் கேட்பதை நாங்கள் தவிர்க்கிறோம். அவசரத்தில் ‘ஆமாம்’ என்ற பதில் வந்துவிடும். ‘ஸே அகெய்ன் லெவல்’ என்றால் எண்ணை அவரே மறுபடி சொல்லியாக வேண்டும்.

எண் சரியாக இருந்தும் உயரம் தவறலாம். உயரமானி காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் காட்டும். ‘நைன் நைன் டூ’ (992) என்று ஹெக்டோபாஸ்கல் அலகில் தந்த அழுத்தத்தை, அங்குலக் கணக்குக்குப் பழகியவர் உயரமானியில் 29.92 அங்குலம் என்று வைத்தால் விமானம் ஏறக்குறைய 600 அடி தாழ்வாகப் பறக்கும். அலகையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அனுமதித்த உயரத்தை எட்டி மட்டம் பிடிக்கும் கடைசி 1,000 அடியில் ஏற்ற இறக்க வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குள் குறைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பக்கத்து மட்டத்தில் இருப்பவருக்குத் தேவையற்ற மோதல் எச்சரிக்கை போகும். விமானத்திலுள்ள மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் ‘ஏறு’, ‘இறங்கு’ என்று கட்டளையிட்டால், கட்டுப்பாட்டாளர் எதிராகச் சொன்னாலும் டிகாஸ் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ‘டிகாஸ் ஆர்ஏ’ (டிகாஸ் கட்டளை வந்திருக்கிறது) என்று அறிவித்துவிட்டு, ஆபத்து நீங்கியதும் பழைய அனுமதிக்குத் திரும்புவதைச் சொல்ல வேண்டும். அந்தப் பரபரப்பில் பழைய எண் மறந்திருந்தால் ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.